ஆறுதல் சொன்னவர் அழுத நாள்

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)

சென்ற ஆண்டு எங்கள் வகுப்புத் தோழன் ஒருவன் ஆற்றில் குளிக்கச் சென்று திரும்பி வரவில்லை. இரங்கற் கூட்டத்தில் மாணவர் சார்பில் பேச என்னைப் பணித்தார்கள். பேச்சுப் போட்டிகளில் நாலைந்து பரிசு வாங்கியவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது. மலருமுன் உதிர்ந்த மொட்டு, காலன் கவர்ந்த கண்மணி என்று அடுக்கிக்கொண்டே போனேன். மாணவர் சிலர் கண்களைத் துடைத்துக்கொண்டனர். பின்வரிசையில் ஒருவர் பழக்கத்தால் கைதட்டத் தொடங்கி, சட்டென்று நிறுத்திக்கொண்டார். முன்வரிசையில் அவன் தாயார் அமர்ந்திருந்தார். நான் பேசி முடிக்கும்வரை சேலைத் தலைப்பின் நூலைப் பிரித்துக்கொண்டே இருந்தார். ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

அன்று மாலை எங்கள் வரலாற்றுப் பேராசிரியர் என்னிடம் குறை எதுவும் சொல்லவில்லை. "துசிடிடீசைப் படித்திருக்கிறாயா, தம்பி?" என்று மட்டும் கேட்டார். நூலகத்திலிருந்து எடுத்து வந்து படித்தேன்.

கி.மு. 431-இல் ஏதென்சுக்கும் ஸ்பார்ட்டாவுக்கும் போர் மூண்டது. முதலாண்டுப் போரில் மாண்டவர்களுக்கு அந்தக் குளிர்காலத்தில் ஏதென்ஸ் நகரம் பொதுச்செலவில் ஈமக்கடன் செய்தது. எலும்புகளை மூன்று நாள் பந்தலில் வைத்திருப்பார்கள். உறவினர் தத்தமக்கு இயன்றதைக் கொண்டுவந்து படைக்கலாம். பிறகு குலத்துக்கு ஒன்றாகச் சைப்ரஸ் மரப் பெட்டிகள் ஊர்வலமாகச் செல்லும். கூடவே ஒரு வெறும் பாடையும் போகும். அது உடல் கிடைக்காதவர்களுக்காக! இதைப் படித்த இடத்தில் நான் சற்று நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். எத்தனையோ அலங்காரச் சொற்கள் சொல்லாததை அந்த வெறும் பாடை சொல்லிவிடுகிறது.

அன்று பேசியவர் பெரிக்கிளீஸ். அவர் பேச்சை அப்படியே சொல்லுக்குச் சொல் துசிடிடீஸ் எழுதிவைக்கவில்லை. பேச்சுகளின் கருத்தை ஒட்டியே எழுதியதாக நூலின் தொடக்கத்தில் அவரே ஒப்புக்கொள்கிறார். ஆயினும் பேச்சின் கட்டுக்கோப்பு தெளிவாகத் தெரிகிறது. இத்தகைய நேரத்தில் பேசுவதே கடினம், இறந்தவரை நேசித்தவனுக்குப் புகழ்ச்சி குறைவாகத் தோன்றும், அறியாதவனுக்கு மிகையாகத் தோன்றும் என்று தொடங்குகிறார். முன்னோரைச் சிறிது பேசி, நகரத்தின் பெருமையை நெடுநேரம் பேசுகிறார். இந்த நகருக்காகத்தான் உங்கள் மைந்தர் மாண்டார்கள் என்று காட்டுவதற்காகவே அவ்வளவு நீளம். சாவுக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டால் துயரம் சற்றுத் தாங்கக்கூடியதாகிறது அல்லவா? அதுதான் அவர் சொல்வன்மையின் அடித்தளம்.

1863 நவம்பர் 19-இல் கெட்டிஸ்பர்க்கில் லிங்கனும் அந்த வழியில்தான் நடந்தார். அவருக்கு முன் பேசிய எவரெட் இரண்டு மணி நேரம் பேசினார். லிங்கனுக்கு இரண்டு மூன்று நிமிடமே போதுமானதாயிற்று. ஆனால் லிங்கன் பெற்றோரைத் தனியே விளித்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. பெரிக்கிளீஸ் சொன்னார்.

உங்களைத் தேற்றுவது எளிதல்ல என்று பெற்றோரிடம் முதலிலேயே ஒத்துக்கொள்கிறார். முன்பு உங்களுக்கும் இருந்த மகிழ்ச்சியைப் பிறர் வீட்டில் காணும்போதெல்லாம் மகன் நினைவு வரும். ஒருபோதும் அனுபவிக்காத ஒன்று இல்லையே என்று மனிதன் அழுவதில்லை, பழகிப்போனதை இழக்கும்போதுதான் அழுகிறான் என்கிறார். பேச்சு முழுவதிலும் என்னை நிறுத்திய இடம் இதுவே. இதை நான் சொல்லியிருந்தால் அந்தத் தாயார் நிமிர்ந்து பார்த்திருப்பாரோ?

ஆனால் அடுத்து அவர் சொல்வது எனக்கு உடன்பாடில்லை. வயதிருப்பவர்கள் வேறு பிள்ளை பெற்றுக்கொள்ளுங்கள், புதுப்பிள்ளைகள் போனவர்களை மறக்கச் செய்வார்கள், நகருக்கும் ஆள் குறையாது என்கிறார். முதியோருக்கு, இனி வாழவேண்டிய காலம் கொஞ்சந்தானே என்று ஆறுதல்! விதவைகளுக்கோ, ஆண்கள் வாயில் பேர் அடிபடாமல் இருப்பதே பெருமை என்று ஓரிரு வரிகள். கல்லறையருகே நின்று புலம்பியவர்கள் அந்தப் பெண்களே. கடைசியில், அநாதையான பிள்ளைகள் பெரியவர்களாகும்வரை நகரமே வளர்க்கும் என்கிறார். அலங்காரம் ஏதுமில்லாத வரி; உலை கொதிக்க உதவும் வரியும் அதுதான்.

அடுத்த ஆண்டே ஏதென்சில் கொள்ளைநோய் புகுந்தது. பெரிக்கிளீசின் மூத்த மகன் இறந்தான். தமக்கையோ தங்கையோ, உடன்பிறந்தாளும் இறந்தாள். நண்பர் பலர் இறந்தனர். அவர் கலங்கவில்லையாம். பிறகு இளையவன் பாராலசும் போனான். பிணத்தின்மீது மலர்வளையம் வைக்கக் குனிந்தபோது அவர் வாய்விட்டுக் கதறிவிட்டார். வாழ்நாளில் அதுவரை அவர் அப்படி அழுததில்லை என்று, ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்துப் புளூட்டார்க் எழுதுகிறார்.

பெற்றோர் இருவரும் ஏதென்ஸ் நகரத்தாராக இருந்தால்தான் பிள்ளைக்குக் குடியுரிமை என்று கி.மு. 451-இல் சட்டம் கொண்டுவந்தவர் பெரிக்கிளீஸ். அவரே, மிலீட்டஸ் ஊர்க்காரியான அஸ்பாசியாவிடம் தமக்குப் பிறந்த மகனுக்குச் சலுகை வேண்டி மக்கள் முன் நின்றார். மக்கள் இரங்கினார்கள். கி.மு. 429-இல் அவரும் மறைந்தார். வேறு பிள்ளை பெறுங்கள் என்று ஊராருக்குச் சொன்ன நாளை அந்த மன்றத்தில் அவர் நினைத்துக்கொண்டாரா என்று எந்த ஏட்டிலும் நான் பார்க்கவில்லை.

ஓராண்டு நிறைவன்று நாங்கள் நால்வர் தோழனின் வீட்டுக்குப் போயிருந்தோம். எழுதிவைத்த பேச்சு எதுவும் என் சட்டைப் பையில் இல்லை. காப்பி கொடுத்துவிட்டு அவன் அம்மா எங்கள் எதிரில் உட்கார்ந்தார். சிறிது நேரம் கழித்து என்னைப் பார்த்து, "அன்னிக்குக் காலையில என்ன சாப்பிட்டான், தம்பி?" என்று கேட்டார்.

"விடுதியில் உப்புமா, அம்மா. இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டான்."

"உப்புமாவா? வீட்டுல செஞ்சா தட்டைத் தள்ளிட்டு எந்திரிச்சுப் போவானே!" என்றார். அவருக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணீரும் வந்தது. அப்புறம் மாலைவரை அவர் பேச, நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம்.