மூன்றடி பேஸ்மட்டம்

பல்லாவரம் ரயில் நிலையத்தில் இறங்கி, ஜி.எஸ்.டி. சாலையைக் கடந்து பம்மல் பக்கம் ஷேர் ஆட்டோ ஏறினால் பொழிச்சலூர் நாலு கிலோமீட்டர் சொச்சம். இருபது ரூபாய் வாங்கினார்கள். பையில் தண்ணீர் பாட்டில், ஒரு நோட்டு, ஒரு ஸ்டீல் டேப். என் கணவரின் வீல்சேர், கையால் தள்ளும் வளையத்தோடு சேர்த்து 25½ அங்குல அகலம். கால் பலகை வரை நீளம் மூன்றரை அடி. இந்த இரண்டு அளவும் எனக்கு மனப்பாடம்.

பல்லாவரத்தில் கேட்கும் வாடகை எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. 2021-இல் தாம்பரம் மாநகராட்சி அமைந்தபோது பம்மலும் அனகாபுத்தூரும் அதில் சேர்ந்தன. பொழிச்சலூர் அப்போது ஊராட்சியாகவே நின்றுகொண்டது. அதனாலோ என்னவோ, இங்கே ஆயிரம், இரண்டாயிரம் குறையும் என்றார்கள். அந்தக் குறைவுக்காகத்தான் வந்தேன்.

புரோக்கர் தம்பி அகஸ்தீஸ்வரர் கோயில் பக்கத்தில் நிற்கச் சொல்லியிருந்தார். வட திருநள்ளாறு என்று சனி தோஷக்காரர்கள் தேடி வரும் கோயில். அன்று சனிக்கிழமை வேறு. தெருமுனை வரை எள்ளெண்ணெய் வாசனை. செருப்பு வைக்க இடமில்லை. தலைக்கு மேலே ஒரு விமானம் இறங்கியது. அது போகும்வரை நாங்கள் இருவரும் வாயை மூடிக்கொண்டு நின்றோம்.

“கிரவுண்ட் ஃப்ளோர் மேடம், ஒரு படிதான்” என்று போனில் சொல்லியிருந்தார். போய்ப் பார்த்தால், அந்த ஒரு படி காம்பவுண்ட் கேட்டுக்கு. கேட்டைத் தாண்டி வீட்டுக்கு இன்னும் ஐந்து. டேப்பை வைத்தேன், ஒவ்வொன்றும் ஏழு அங்குலம். ஐந்தும் சேர்ந்து 35 அங்குலம், கிட்டத்தட்ட மூன்றடி பேஸ்மட்டம்.

சாய்தளம் போட்டுக்கொள்ளலாமே என்றார் தம்பி. மத்திய அரசின் வழிகாட்டு விதிப்படி ஓர் அடி உயரத்துக்குக் குறைந்தது பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். 35 அங்குலத்துக்குக் குறைந்தது 35 அடி. வீட்டுக்கு முன்னால் காலியிடம் ஆறடிதான். மீதி சாய்தளம் கேட்டைத் தாண்டி, கால்வாயைத் தாண்டி, எதிர்வீட்டுத் துளசி மாடத்தில் போய்த்தான் முடியும். சொன்னேன். அவர் சிரிக்கவில்லை; தெருவைக் காட்டினார். “இந்தத் தெருவுல எல்லாருமே ஏத்திட்டாங்க மேடம், பதினஞ்சுக்கு அப்புறம்.”

பதினைந்து என்றால் 2015. டிசம்பர் முதல் தேதி இரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் அடையாற்றில் விழுந்தது. திருநீர்மலை, அனகாபுத்தூர் வழியாக இறங்கும் அந்த ஆறு இந்த ஊரை ஒட்டித்தான் போகிறது. அதற்குப் பிறகு கட்டியவர்கள் உயர்த்திக் கட்டினார்கள், அல்லது தூண் நிறுத்திக் கீழ்த்தளத்தைக் காருக்கு விட்டுவிட்டு மேலே ஏறிக்கொண்டார்கள். அவர்கள் மேல் என்ன தப்பு? ஆனால் தெருவில் நடக்க நடக்க ஒன்று தெரிந்தது. வீடு எவ்வளவு புதிதோ அவ்வளவு உயரம். எங்களுக்கு அவ்வளவு தூரம்.

அடுத்துப் பார்த்தவை பெரும்பாலும் அந்தத் தூண் வீடுகள். மூன்று மாடி இருந்தாலும் லிஃப்ட் கிடையாது. லிஃப்ட் இருந்த ஒரே கட்டடத்தில் வாடகை 15,000, மெயின்டெனன்ஸ் 2,000, அட்வான்ஸ் ஒரு லட்சம். லிஃப்ட் கதவு டேப்புக்குத் தேறியது. ஆனால் அதற்கு முன்னால் இரண்டு படி! மழைத் தண்ணீர் குழிக்குள் இறங்காமலிருக்க என்றார் வாட்ச்மேன். தமிழ்நாட்டில் 2019-இல் அமலுக்கு வந்த வாடகைச் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது என்கிறது. அதைச் சொல்லிப் பார்த்தேன். வீட்டுக்காரர் போனிலேயே, “வேற ஆள் வர்றாங்கம்மா” என்று வைத்துவிட்டார்.

இன்னொரு வீட்டு அம்மா நேராகவே கேட்டார்: “உங்க வீட்டுக்காரர் கொஞ்சம்கூட நடக்க மாட்டாராம்மா? சக்கரம் ஏறினா டைல்ஸ் கீறிடுமே.” ரப்பர் சக்கரம்தான் ஆன்ட்டி என்றேன். முகம் மாறவில்லை. அந்த வீட்டில் டேப்பை வெளியே எடுக்கவே இல்லை.

டீக்கடையில் உட்கார்ந்தபோது, சட்டத்தில் எங்களுக்கு என்ன இருக்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 37-வது பிரிவு, அரசின் வீட்டுத் திட்டங்களில் ஐந்து சதவீதம் ஒதுக்கச் சொல்கிறது. 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல் விதிகளை வெறும் ஆலோசனையாக விட்டால் போதாது, கட்டாயத் தரங்களை வகுக்க வேண்டும் என்றது. நல்லதுதான். அரசு ஒதுக்கும் வீட்டுக்குச் சட்டம் கணக்கு வைத்திருக்கிறது. ‘டு-லெட்’ அட்டை தொங்கும் வீட்டில் டேப்போடு நிற்பவளுக்கு அதில் பெரிதாக ஒன்றும் இல்லை.

சாயங்காலம் தம்பி கொஞ்சம் தயங்கித்தான் கடைசி வீட்டைக் காட்டினார். “பழசு மேடம், பார்த்தா வேணாம்பீங்க.” ஆற்றுப் பக்கத் தெரு. முன்னால் ஆஸ்பெஸ்டாஸ் தாழ்வாரம், உள்ளே ரெட் ஆக்ஸைடு தரை, காலுக்குக் குளிர்ச்சி. படியே இல்லை. சாலை மேல் சாலை போட்டுப் போட்டு, தெரு வீட்டைவிட நாலு விரற்கடை உயர்ந்து நின்றது. ஒரு செக்கர் பிளேட் போட்டால் சக்கரம் தானாக இறங்கிவிடும். ஹால் பதினொன்றுக்குப் பன்னிரண்டு. வண்டி ஒரு சுற்றுத் தாராளமாகத் திரும்பும். வாடகை 8,500, அட்வான்ஸ் 40,000.

பாத்ரூம் கதவுதான் முரண்டு பிடித்தது. இரண்டரை அடி நிலை என்பார்கள். கட்டையைக் கழித்தால் உள்ளளவு 25 அங்குலம். அரை அங்குலம் பற்றவில்லை. உள்ளே இந்தியன் கக்கூஸ் வேறு.

“இங்கே தண்ணி வந்துச்சா பாட்டி?” என்று வீட்டுக்காரப் பாட்டியிடம் கேட்டேன்.

“வாசல் வரைக்கும்தான்மா. உள்ள வரல.”

சுவரைப் பார்த்தேன். தரைக்கு ஓரடி மேலே வரிசையாகச் சதுரம் சதுரமாகச் சிமென்ட் பூசி அடைத்த தழும்பு. பிளக் பாயின்ட் எல்லாம் நாலரை அடிக்கு ஏறியிருந்தது. தாழ்வாரத்தில் ஈ.பி. மீட்டர் பெட்டி என் தலைக்கு மேல். கேட்காமல் விரலால் காட்டினேன். பாட்டி முந்தானையைச் சரிசெய்துகொண்டார். “எல்லா வீட்டுக்கும் வந்ததுதானேம்மா. இடுப்பு வரைக்கும்.”

எனக்குக் கோபம் வரவில்லை. இடுப்பு வரை என்றால் எவ்வளவு என்று தெரிந்துகொண்டது நல்லது. வெளிப்பக்க மாடிப்படியை அளந்தேன். பதினாறு படி, அகலம் இரண்டே முக்கால் அடி. முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் என்று இரண்டு பேர் பிடித்தால் வண்டியோடு தூக்கிவிடலாம். மாடியில் பாட்டியும் மகனும் இருக்கிறார்கள்.

பாத்ரூம் நிலையை எடுத்துவிட்டு எங்கள் செலவில் பி.வி.சி. சறுக்குக் கதவு போட்டுக்கொள்கிறோம், வெஸ்டர்ன் மாற்றிக்கொள்கிறோம் என்றேன். காலி பண்ணும்போது பழையபடி ஆக்கித் தர வேண்டும் என்றார். சரி. அப்புறம், ஐப்பசி, கார்த்திகையில் ஆறு ஏறினால் மாடியில் ஓர் அறை தர வேண்டும், தூக்க மகன் வர வேண்டும், இதை அக்ரிமென்ட்டில் எழுதிக்கொள்ளலாமா என்றேன்.

“மழைன்னா கூப்பிட்டா வரமாட்டோமா? இதையெல்லாம் யாரும்மா எழுதுவா?”

எழுதினால் நல்லது பாட்டி என்றேன். மகனைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை காலை என் கணவரையே வண்டியோடு கூட்டி வருகிறேன், மகனும் வீட்டில் இருக்கட்டும் என்று ஆயிரம் ரூபாய் டோக்கன் கொடுத்து, நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். கமிஷன் ஒரு மாத வாடகை என்று தம்பி ஆட்டோ ஏறும்போது ஞாபகப்படுத்தினார். எழுதித் தந்தால் தருகிறேன் என்றேன்.