ஆடுகள அறம்

விளையாட்டிற்கு இன்றியமையாதன எவை என்று வினவினால், பந்து, களம், ஆட்டக்காரர் என்றே பலரும் விடை கூறுவர். விதியை முதலிற் கூறுவோர் மிகச் சிலரே. பந்தும் களமும் கண்ணுக்குப் புலனாவன; விதி புலனாகாதது. ஆயினும், விதி இல்லையேல், பந்தைச் சுற்றி நிற்பது வெறுங்கூட்டமேயன்றி அணியாகாது. விதி ஆட்டத்தைத் தடுக்கும் வேலி என்று எண்ணுவோர் உளர். அஃது ஆட்டத்தைப் பெற்றெடுக்கும் தாய் என்பதற்குக் கூடைப்பந்தின் வரலாறே தக்க சான்றாகும். ஏனைய விளையாட்டுகள் பல, மக்கள் ஆடிப் பழகிய பின்னர் விதி பெற்றவை. கூடைப்பந்தோ, ஓர் ஆசிரியர் ஓர் இடரைத் தீர்க்கும்பொருட்டு ஆராய்ந்து வகுத்த விதிகளினின்றே பிறந்தது.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்பிரிங்பீல்டு என்னும் நகரம் உளது. அந்நகரில் ஒய்.எம்.சி.ஏ. என்னும் கிறித்துவ இளைஞர் சங்கத்தின் பயிற்சிப் பள்ளி ஒன்று நடைபெற்று வந்தது. 1891ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் அப்பள்ளியின் ஒரு வகுப்பு ஆசிரியர்களுக்குப் பெருந்தொல்லை விளைத்தது. அவ்வகுப்பில் இருந்தோர் 18 பேர். மற்றக் காலங்களில் திறந்த வெளியில் ஓடியாடி மகிழ்ந்த அவர்கள், பனிக்காலத்தில் நான்கு சுவர்களுக்குள் அடைபட்டு, ஒரே வகை உடற்பயிற்சியை நாள்தோறும் செய்ய நேர்ந்தது. சலிப்பு சினமாயிற்று; சினம் அடங்காமையாயிற்று. இரண்டு ஆசிரியர் முயன்று கைவிட்ட அவ்வகுப்பு, ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பாரிடம் ஒப்படைக்கப்பட்டது. கனடா நாட்டிற் பிறந்த அவருக்கு அப்போது 30 வயது. உடற்பயிற்சித் துறைத் தலைவராய் விளங்கிய லூதர் குலிக் என்பார், இளைஞர் மனத்தைக் கவரும் புதிய உள்ளரங்க விளையாட்டு ஒன்றை இரண்டு வாரங்களுக்குள் காணுமாறு அவரைப் பணித்தார்.

நெய்ஸ்மித் முதலில் பழைய விளையாட்டுகளையே கூடத்திற்குள் ஆடச் செய்து பார்த்தார். வெளியில் இனிமை தந்த ஆட்டங்கள் உள்ளே காயங்களையே தந்தன. வேறு ஆசிரியராயின் மாணவரைத் தண்டித்து அடக்க முயன்றிருக்கக்கூடும். அவரோ நோயைச் சினவாது, நோய்க்குக் காரணம் யாது என்று நாடினார். கால்பந்தின் அமெரிக்க வகையில் ஒருவன் பந்தைக் கையில் ஏந்தி ஓடுகின்றான். அவனை நிறுத்த வேண்டுமாயின், அவன்மேற் பாய்ந்து வீழ்த்துவதன்றி வேறு வழியில்லை. ஆகவே, முரட்டுத்தனம் ஆட்டக்காரரின் உள்ளத்தில் மட்டும் இல்லை. ஆட்டத்தின் அமைப்பிலேயே இருக்கின்றது. பந்தை ஏந்தி ஓடுதல் கூடாது என்று விதித்துவிட்டால், பாய்ந்து வீழ்த்துவதற்குத் தேவையே இராது. இதனைக் கண்டதும், புதிய விளையாட்டின் முதல் தூண் நடப்பட்டுவிட்டது.

அடுத்து, இலக்கு எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதை அவர் எண்ணினார். இலக்கு நிலத்தில் நின்றால், வலியவன் தன் ஆற்றல் முழுவதையும் திரட்டிப் பந்தை எறிவான், எதிர்நிற்போர் அடிபடுவர். இளமையில் தம் ஊர்ச் சிறுவருடன் ஆடிய ஒரு விளையாட்டு அப்போது அவர் நினைவிற்கு வந்தது. ஒரு பாறையின்மேற் சிறு கல்லை வைத்து, எட்ட நின்று மற்றொரு கல்லால் அதனை எறிந்து தள்ளுவது அவ்விளையாட்டு. விசையுடன் நேரே எறிந்தவனுடைய கல் குறி தவறினால் நெடுந்தொலைவு ஓடிவிடும். மெல்ல வளைத்து எறிந்தவனுடைய கல்லோ அருகிலேயே விழும். அங்கு வெற்றி வலிமைக்கு அன்று, நிதானத்திற்கே. அந்நினைவைக் கொண்டு, இலக்கின் வாய் வானை நோக்கியிருத்தல் வேண்டும், அஃது ஆட்டக்காரரின் தலைக்கு மேல் உயர்ந்திருத்தலும் வேண்டும் என்று அவர் முடிவு செய்தார். பள்ளியின் காப்பாளர் கொணர்ந்து தந்த இரண்டு பீச்சுப்பழக் கூடைகள் கூடத்து மாடத்தின் விளிம்பில் அறையப்பட்டன. அம்மாடத்தின் உயரம் 10 அடி. இன்றும் உலகெங்கும் வளையம் அவ்வுயரத்திலேயே நிற்கின்றது.

அவ்வாண்டு டிசம்பர்த் திங்களில், அணிக்கு 9 பேராக அவ்வாட்டம் முதன்முதல் ஆடப்பெற்றது. 13 விதிகள் 1892ஆம் ஆண்டு சனவரியில் அப்பள்ளியின் இதழில் வெளிவந்தன. தொடக்கம் இனிதாக அமைந்தது என்று எண்ணுதல் வேண்டா. 47 ஆண்டுகள் கழித்து, 1939ஆம் ஆண்டில், முதுமை எய்திய நெய்ஸ்மித் வானொலியில் அந்நாளை நினைவு கூர்ந்தார். இளைஞர் ஒருவரையொருவர் உதைத்தும் குத்தியும் கூடத்தின் நடுவே கைகலந்தனர் என்றும், ஒருவன் நினைவிழந்தான் என்றும், சிலர் கண்கள் வீங்கின என்றும், ஒருவனுக்குத் தோள்மூட்டு நழுவியது என்றும் அவர் கூறினார். ஆயினும் மீண்டும் ஆட விடுமாறு அவர்கள் ஓயாது வேண்டினர். அதனால் மேலும் சில விதிகளை வகுத்ததாகவும், பந்துடன் ஓடலாகாது என்பதே அவற்றுள் தலையாயது என்றும் அவர் சொன்னார். அவருடைய நூலோ விதிகள் யாவும் ஆட்டத்திற்கு முன்னரே எழுதி ஒட்டப்பட்டன என்று கூறும். இரண்டு வரலாறும் சற்று வேறுபடினும், ஓர் உண்மையை உணர்த்துகின்றன. ஏட்டில் விதி பிறந்த காரணம், களத்தில் ஒருவன் துன்புற்றமையே. ஒவ்வொரு விதிக்குப் பின்னும் ஒருவனுடைய காயம் இருக்கின்றது என்பதை ஆட்டக்காரர் மறத்தலாகாது.

அப்பதின்மூன்று விதிகளுள் ஐந்தாவது, தோளால் இடித்தல், பற்றி நிறுத்தல், தள்ளுதல், தடுக்கி வீழ்த்தல், அடித்தல் ஆகியவற்றை அறவே விலக்கியது. முதல் முறை செய்தால் அது தவறெனக் குறிக்கப்படும். இரண்டாம் முறை செய்தவன், அடுத்த இலக்கு எய்தப்படும்வரை களத்தை விட்டு வெளியேற வேண்டும். பிறனைக் காயப்படுத்தும் எண்ணம் வெளிப்படையாயின், ஆட்டம் முடியும்வரை அவனுக்கு இடமில்லை. அவனுக்கு மாற்றாக வேறொருவனை இறக்கவும் இயலாது. ஏழாவது விதி இன்னும் நுட்பமானது. எதிர் அணி இடையில் ஒரு தவறும் செய்யாதிருக்க, ஓர் அணி தொடர்ந்து மூன்று தவறுகள் செய்யுமாயின், எதிர் அணிக்கு ஓர் இலக்கு வழங்கப்படும். தவறு செய்வோன் தன்னை மட்டுமன்றித் தன் தோழரையும் தோல்விக்கு உள்ளாக்குகின்றான். ஆகவே, அவனைத் திருத்தும் பொறுப்பு நடுவருக்கு மட்டும் உரியதன்று. அவனுடைய அணிக்கும் உரியதாயிற்று. மேலும், நடுவர் இருவரை நெய்ஸ்மித் ஏற்படுத்தினார். ஒருவர் பந்தைக் காண்பவர்; மற்றவர் மனிதரைக் காண்பவர். எல்லார் கண்களும் பந்தின்மேல் இருக்கும்பொழுது மனிதர் செய்வன மறைந்துவிடும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

நல்ல எண்ணத்துடன் வகுத்த விதியும் தீய விளைவு தருதல் உண்டு. எல்லைக்கு வெளியே சென்ற பந்தை முதலில் எவன் தொடுகின்றானோ, அவனே அதனை உள்ளே எறியலாம் என்று முதல் விதிகள் கூறின. அதன் பயனாக, பந்து வெளியே சென்ற போதெல்லாம் அதன்மேல் பலர் பாய்ந்து விழுந்தனர். மாடத்திற் பந்து விழுந்தால் படிக்கட்டுகளில் முண்டியடித்து ஏறினர். ஒருவரும் விதியை மீறவில்லை; ஆயினும், விதியே அவர்களைப் போர்க்களத்திற்கு அனுப்பியது. 1913ஆம் ஆண்டில் அவ்விதி மாற்றப்பட்டது. பந்தை வெளியே செலுத்தியவருக்கு எதிர் அணியினரே அதனை உள்ளே எறிவர் என்று ஆனதும், பாய்ச்சலும் ஒழிந்தது. இன்னொன்றும் உண்டு. மாடத்தில் அமர்ந்த பார்வையாளர், தமக்கு வேண்டிய அணிக்குத் துணையாகக் கையை நீட்டிப் பந்தைத் தட்டிவிடலாயினர். அவர்களுக்கு அறிவுரை கூறிக்கொண்டிராது, கூடைக்குப் பின்னே ஒரு பலகையை நிறுத்தினர். இன்று பந்தை மோதச் செய்து வளையத்திற்குள் வீழ்த்த உதவும் அப்பலகை, முதலில் நேர்மையைக் காக்கும் சுவராகவே எழுந்தது. தவறு செய்வோரைக் கடிவதினும், தவற்றால் வரும் ஊதியத்தை நீக்குவது சிறந்தது என்பது இவற்றால் விளங்கும்.

இன்றைய அனைத்துநாட்டு விதிகளும் இந்நெறியையே பின்பற்றுகின்றன. ஐந்து தவறுகள் செய்த ஆட்டக்காரர் களத்தை விட்டு நீங்க வேண்டும். ஆட்டத்தின் நான்கு பகுதிகளுள் ஒவ்வொன்றிலும், ஓர் அணியின் தவறுகள் நான்கைக் கடந்த பின்னர், எதிர் அணிக்குத் தடையின்றி எறியும் வாய்ப்பு அளிக்கப்படுகின்றது. பண்பற்ற முறையில் இழைக்கப்படும் தவற்றிற்கு அவ்வெறிகளோடு பந்தும் எதிர் அணியையே சேரும்.

சிறுவர் ஆடும் ஆட்டத்திலோ, நேர்மை என்னும் சொல் மேலும் விரிந்த பொருள் பெறுகின்றது. அங்கு ஒருவரையொருவர் தள்ளாதிருத்தல் மட்டும் போதாது. எட்டு வயதுச் சிறுவனை 10 அடி உயர வளையத்தை நோக்கிப் பெரும்பந்தை எறியச் சொல்வது நேர்மையாகுமா? உயரமானவன் ஒருவனே பந்தை எறிய, ஏனையோர் அவனுக்கு ஏவல் செய்ய நேரிடும். 2018ஆம் ஆண்டில் அமெரிக்கக் கூடைப்பந்து ஆட்சிக் கழகமும், அந்நாட்டுத் தொழில்முறை அணிகளின் கூட்டமைப்பும் சேர்ந்து இளையோர் ஆட்டத்திற்குரிய நெறிகளை வெளியிட்டன. 7, 8 வயதினருக்கு வளையம் 8 அடி உயரத்திலும், 9 முதல் 11 வயதினருக்கு 9 அடி உயரத்திலும் அமைதல் நலம் என்றும், அவர்களுக்குச் சிறிய பந்தே ஏற்றது என்றும் அவை கூறின. மிக இளையோர் அனைவரும் ஒத்த நேரம் ஆடுதல் வேண்டும் என்பதையும் வலியுறுத்தின.

இவ்வொத்த நேர விதியை ஏற்காதாரும் உளர். வல்லவனை வெளியே இருத்தி எளியவனை உள்ளே அனுப்பினால் வெற்றி கைநழுவும்; முயன்று தேர்ந்தவனுக்கு அது நீதியாகுமா என்பது அவர் வினா. அவ்வினா தள்ளத்தக்கதன்று; முயற்சிக்குப் பயன் இருத்தலே முறை. ஆயின், ஒன்பது வயதில் ஒருவன் வல்லவனாயிருப்பது பெரும்பாலும் முயற்சியால் அன்று. சில திங்கள் முன்னர்ப் பிறந்தமையாலும் சிறிது விரைந்து வளர்ந்தமையாலுமே. வெளியே அமர்ந்திருப்பவனுக்கோ பழகும் வாய்ப்பே இல்லை. ஆடாதவன் தேர்வதில்லை, தேராதவன் என்று அவனை ஆடவும் விடுவதில்லை. இவ்வளையத்தை அறுப்பதற்கே ஒத்த நேர விதி எழுந்தது. அந்நெறிகளும் வயதை நோக்கி இதனைத் தளர்த்துகின்றன. 9 முதல் 11 வயதினரின் ஆட்டத்தில், முதல் மூன்று பகுதிகளில் அனைவரும் ஒத்த நேரம் ஆடுவர். நான்காம் பகுதியில் எவரை ஆட்டுவது என்பது பயிற்றுநரின் விருப்பிற்கு விடப்படுகின்றது. வாய்ப்பு முன்னே, போட்டி பின்னே என்னும் ஒழுங்கு இதில் அமைந்திருத்தல் காண்க.

இவ்விளையாட்டின் வழி சென்னைக்கும் வந்தது. ஸ்பிரிங்பீல்டிற் பயின்ற ஹாரி குரோ பக் என்பார் 1920ஆம் ஆண்டிற் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியைத் தோற்றுவித்தார். நெய்ஸ்மித் வகுத்தாற்போன்ற ஆட்டங்கள், அத்தகைய கல்லூரிகளிற் பயின்ற ஆசிரியர் வாயிலாகவே பள்ளிக் களங்களை அடைந்தன.

விதியால் ஆகாதனவும் உள. நடுவர் இருவராயினும் மூவராயினும், அவர்கள் காணாத கணங்கள் ஆட்டத்தில் ஆயிரம். சட்டையைப் பற்றி இழுக்கும் விரலும், செவியருகே கூறும் இழிசொல்லும் ஊதுகுழலுக்கு எட்டுவதில்லை. முன்னாளிற் கூடைப்பந்துக் களத்தில் ஒரு நல்வழக்கம் இருந்தது. நடுவர் தவறு என்று அறிவித்தவுடன், அதனைச் செய்த ஆட்டக்காரர் தம் கையை உயர்த்தித் தாமே எனக் காட்டுவார். குறிப்பெழுதுவோருக்கு உதவியாக ஏற்பட்ட சிறு வழக்கமே அது. எனினும், பலர் காண ஒருவன் தன் தவற்றைத் தன் கையாலேயே ஒப்புக்கொள்ளுதல் எளிய செயலன்று. அவ்வாறு உயரும் கை, வளையத்திற்குள் பந்தை இடும் கையினும் உயர்ந்தது எனலாம்.

நெய்ஸ்மித் பின்னாளிற் கான்சஸ் பல்கலைக்கழகத்தில் ஒன்பது ஆண்டுகள் கூடைப்பந்து அணியைப் பயிற்றினார். அவ்வணி 55 ஆட்டங்களில் வென்று, 60 ஆட்டங்களில் தோற்றது. விளையாட்டையே படைத்தவரின் அணி, வென்றதினும் மிகுதியாகத் தோற்றது! அதனால் அவர் புகழ் சிறிதும் குன்றவில்லை. 1936ஆம் ஆண்டில் பெர்லின் நகரத்து ஒலிம்பிக்கில் கூடைப்பந்து முதன்முறையாகப் பதக்கத்திற்குரிய ஆட்டமாக நடைபெற்றபோது, அம்முதியவர் அங்கிருந்து அதனைக் கண்டார். அடங்காத 18 இளைஞரைக் காயமின்றி ஆடச் செய்யும்பொருட்டு எழுதிய சில வரிகள், பல நாட்டு இளைஞரை ஒரே களத்தில் கூட்டியிருந்தன. வெற்றியின் எண்ணிக்கை ஏடுகளில் மறைந்துவிடும். எதிரே நிற்பவன் பகைவன் அல்லன், உடன் ஆடுபவன் என்னும் உணர்வை ஆட்டக்காரர் உள்ளத்தில் நிறுத்துவதே விதியின் பயனாகும்.