தவறவிட்டாலும் கவலை இல்லை!

ரயிலில் போகிறோம் என்றால் நம் வீடுகளில் முதல் நாளே அமர்க்களம் தொடங்கிவிடும். "மணி ஆச்சு, மணி ஆச்சு" என்று வீட்டுப் பெரியவர் விரட்ட, நாம் பாதி காப்பியை அப்படியே வைத்துவிட்டு ஓடுவோம். வண்டி தவறினால் பயணமே போயிற்று, பணமும் போயிற்று! அப்படியே பழகிய நான், ஒரே நாளில் இரண்டு ரயில்களைத் தவறவிட்டு, அதற்காகச் சந்தோஷமும் பட்டேன் என்றால் நம்புவீர்களா? அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

என் மகள் இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்தில் குடியிருக்கிறாள். தலைப்பிரசவத்துக்கு நான் துணைக்குப் போயிருந்தேன். குழந்தை நல்லபடி பிறந்தது. ஆனால் மூன்று மாதமாகியும் மகள் வாசற்படி தாண்டவில்லை. ஒரே ஒரு முறை குழந்தையுடன் பஸ்ஸில் போனாளாம். குழந்தை வீறிட்டு அழ, எல்லோரும் தன்னையே பார்ப்பதுபோல் தோன்றப் பாதி வழியில் இறங்கி நடந்தே வந்துவிட்டாள். அதோடு சரி. "வெளியே போனா இவன் அழுவாம்மா" என்பதே பதில். வீட்டுக்கு வந்து குழந்தையைப் பார்க்கும் நர்ஸ் அம்மாளும், "கொஞ்சம் வெளிக்காற்று வேண்டும், அம்மாவுக்கும் சேர்த்துத்தான்" என்று சொல்லிப் பார்த்தாள். நான் ஊர் திரும்ப இரண்டு வாரமே இருந்தது. இந்தப் பெண்ணை இப்படியே விட்டுவிட்டு எப்படிப் போவது என்று எனக்கு இரவெல்லாம் தூக்கம் இல்லை.

அப்போதுதான் மாப்பிள்ளை ஒரு யோசனை சொன்னார். பக்கத்தில் கீத்லி என்ற ஊரிலிருந்து பழைய கரி இன்ஜின் ரயில் ஓடுகிறது, வரும் சனிக்கிழமை 'ஸ்டீம் காலா' நடக்கிறது, போகலாமா என்றார். காலா என்றால் திருவிழா. சில ஊர்த் திருவிழாவில் சுற்று வட்டாரத்துச் சாமிகள் எல்லாம் ஓரிடத்தில் வந்து கூடுவதில்லையா? அது போல, அந்த ரயிலுக்குச் சொந்தமான இன்ஜின்களோடு வெளியூர் இன்ஜின்களும் விருந்தாளியாக வரும். சாதாரண நாளைவிட அதிக வண்டிகள் ஓடும்.

"டே ரோவர் டிக்கெட் வாங்கிடறேன் அத்தை" என்றார்.

விலையைக் கேட்டதும் என் மனம் உடனே ரூபாய்க் கணக்குப் போட்டது. ஒரு வழிக்கு ஐந்தே மைல்! நம் கணக்கில் எட்டு கிலோமீட்டர்! "எதுக்கு மாப்பிள்ளை இவ்வளவு? போக ஒண்ணு, வர ஒண்ணுன்னு எடுத்தா போதாதா?" என்றேன்.

"இல்லை அத்தை. இந்த டிக்கெட்ல நாள் பூரா எத்தனை தடவை வேணும்னாலும் ஏறலாம், எந்த ஸ்டேஷன்லயும் இறங்கலாம். ஒரு வண்டியை விட்டா அடுத்ததுல ஏறிக்கலாம்" என்றார். 'ரோவர்' என்றால் சுற்றித் திரிகிறவர் என்று அர்த்தமாம். கைக்குழந்தைக்கு டிக்கெட்டே வேண்டாம். கடைசியில் சொன்ன அந்த ஒரு வார்த்தை, 'விட்டால் அடுத்தது' என்பது, மகள் காதிலும் விழுந்தது. ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

சனிக்கிழமை புளியோதரை, தயிர்சாதம், பிளாஸ்க்கில் வெந்நீர் சகிதம் புறப்பட்டோம். அக்டோபர் மாதம். குளிர் எலும்பைத் துளைத்தது. லீட்ஸிலிருந்து கீத்லிக்கு மின்சார ரயிலில் அரை மணிக்கும் குறைவு. இந்த டிக்கெட் வேறு, கரி ரயில் டிக்கெட் வேறு என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் ஸ்டேஷன் ஒன்றுதான். மூன்றாவது, நான்காவது பிளாட்பாரங்களுக்குப் போனால் போதும், ஐம்பது, அறுபது வருடம் பின்னால் போய்விட்டது போல் இருக்கிறது. பழைய மரப் பலகைகள், பித்தளைக் கைப்பிடிகள், தொப்பி அணிந்த ஸ்டேஷன் மாஸ்டர், அந்தக் கரிப்புகை வாசனை! சின்ன வயதில் ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணில் கரித்தூள் விழுந்து அழுத நாட்கள் நினைவுக்கு வந்தன.

டிக்கெட் என்றதும் இன்னொரு ஞாபகம். நம் ஊரில் கம்ப்யூட்டர் டிக்கெட் வருவதற்கு முன்னால் தடித்த அட்டையில் சின்னதாக ஒரு டிக்கெட் தருவார்களே, 'டக்' என்று தேதி குத்தி! அதைக் கண்டுபிடித்தவர் தாமஸ் எட்மண்ட்சன் என்ற ஆங்கிலேயர். மரச்சாமான் செய்து வந்தவர், 1830-களில் ஸ்டேஷன் மாஸ்டரானார். அதுவரை ஒவ்வொரு பயணிக்கும் டிக்கெட்டைக் கையால் எழுதித்தர வேண்டியிருந்ததாம். வரிசை எண் போட்ட அட்டையும், தேதி குத்தும் இயந்திரமும் அவர் யோசனை. நம் தாத்தா பாட்டிகள் முந்தானையில் முடிந்து வைத்த டிக்கெட் அங்கிருந்து வந்ததுதான்!

வண்டி கிளம்பியதுமே ஏற்றம் தொடங்குகிறது. கிளம்பின இடத்திலேயே 58 அடிக்கு ஓர் அடி உயரம். இன்ஜின் 'ஹுஸ் ஹுஸ்' என்று மூச்சு வாங்குவதைக் கேட்டால் கர்ப்பிணிப் பெண் மாடிப்படி ஏறுவது போலவே இருந்தது! ஒரு பக்கம் பழைய கம்பளி மில்கள், மறுபக்கம் கல் வேலி போட்ட பச்சைப் புல்வெளிகளில் ஆடுகள். இந்த மில்களுக்காகத்தான் ஊர்க்காரர்கள் பணம் போட்டு 1867-ல் இந்தப் பாதையைத் திறந்தார்கள்.

முதல் ஸ்டேஷன் இங்க்ரோ. அங்கே இருக்கும் கல் கட்டடம், வேறோர் ஊரில் மூடிக் கிடந்த ஸ்டேஷனைக் கல் கல்லாகப் பிரித்துக் கொண்டுவந்து கட்டியது. அடுத்தது டாமம்ஸ். பிளாட்பாரத்தில் ஒரு பெட்டிதான் நிற்கும், அவ்வளவு குட்டி! அதற்குச் சற்றுத் தள்ளி எதிர் வண்டிக்கு வழிவிட இரட்டைப் பாதை இருக்கிறது. அங்கே டிரைவர் டோக்கன் மாற்றிக்கொண்டார், நம் ஊரில் வளையத்தில் தொங்கவிட்டுக் கொடுப்பார்களே, அதே முறைதான்.

அங்கே நின்ற போதுதான் நான் பயந்தது நடந்தது. எதிர் இன்ஜின் விசில் ஊத, குழந்தை திடுக்கிட்டு வீறிட்டான். பெட்டி நிறைய ஆட்கள். மகள் முகம் வெளுத்துவிட்டது. "நான் அப்பவே சொன்னேனேம்மா" என்று கண் கலங்கினாள்.

"அழட்டும்டி. அடுத்த ஸ்டேஷன்ல இறங்கிக்கலாம். டிக்கெட்தான் இருக்கே!" என்றேன். விலையைக் கேட்டு முணுமுணுத்தவளும் நான்தான்!

ஓக்வர்த்தில் இறங்கினோம். இன்றைக்கும் எரிவாயு விளக்கு எரியும் ஸ்டேஷன் அது. வெயிட்டிங் ரூமில் கணப்பில் நிலக்கரித் தீ கனகனவென்று இருந்தது. மகள் அதன் பக்கத்தில் உட்கார்ந்து, சால்வையைப் போர்த்திக்கொண்டு குழந்தைக்குப் பால் கொடுத்தாள். எங்கள் வண்டி போய்விட்டது. யாரும் விரட்டவில்லை. குழந்தை பசியாறித் தூங்கினான். டைம்டேபிளைப் பார்த்துவிட்டு மகள் தானாகவே சொன்னாள்: "அடுத்தது வர இன்னும் நேரம் இருக்கும்மா. ஒரு வாய் புளியோதரை குடு." மூன்று மாதத்தில் அவள் கேட்டுச் சாப்பிட்டது அன்றைக்குத்தான்.

இந்த ஓக்வர்த்துக்கு இன்னொரு பெருமை உண்டு. எடித் நெஸ்பிட் என்ற எழுத்தாளர் 1906-ல் 'ரயில்வே சில்ட்ரன்' என்ற நாவலை வெளியிட்டார். அப்பா சிறைக்குப் போய்விட, அம்மா மூன்று குழந்தைகளோடு ரயில் பாதை ஓரம் குடிவருகிறாள். மண் சரிந்து பாதை அடைபட்டபோது, பெண் குழந்தைகள் தங்கள் சிவப்பு உள்பாவாடையைக் கிழித்துக் கொடியாக ஆட்டி ரயிலை நிறுத்துகிறார்கள். 1970-ல் அது சினிமாவானபோது இந்த ஸ்டேஷனில்தான் படம் பிடித்தார்கள். குழந்தைகளை வைத்துக்கொண்டு ஒரு தாய் தனியாகச் சமாளிக்கிற கதை. அதைக் கேட்டுக்கொண்டே மகள் கணப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வண்டியை இழுத்து வந்த இன்ஜினில் கரி அள்ளிப் போட்டவர் ஒரு பெண்! தலையில் துணி கட்டி, முகமெல்லாம் கரி, ஆனால் வாயெல்லாம் சிரிப்பு. சம்பளமா என்று கேட்டால் இல்லையாம். இங்கே டிரைவர், கார்டு, டிக்கெட் பார்ப்பவர், டீ விற்பவர் என்று பெரும்பாலும் எல்லோரும் ஆசைக்காக வந்து உழைப்பவர்கள். 1961 கடைசியில் இந்தப் பாதையில் பயணி வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். ஊர்க்காரர்கள் மறு வருடமே சங்கம் சேர்த்து, பாடுபட்டு, 1968 ஜூன் 29-ஆம் தேதி மறுபடி ரயிலை ஓட்டினார்கள். அதே வருடம் ஆகஸ்டில்தான் பிரிட்டிஷ் ரயில்வே தன் பிரதான பாதைகளில் கரி இன்ஜின்களுக்கே விடை கொடுத்தது! நாம் டிக்கெட்டுக்குக் கொடுக்கும் காசு கரிக்கும், பாய்லர் பழுதுக்கும், தண்டவாளத்துக்கும் போகிறது. இது தெரிந்த பிறகு நான் ரூபாய்க் கணக்குப் போடுவதை விட்டுவிட்டேன்.

கடைசி ஸ்டேஷன் ஆக்ஸன்ஹோப். இன்ஜினைக் கழற்றி, பக்கத்துப் பாதை வழியாகச் சுற்றிக்கொண்டு வந்து மறு முனையில் மாட்டுகிறார்கள். அதைப் பார்க்கச் சின்னவர் பெரியவர் எல்லாம் கூட்டம். சூடான டீ குடித்தோம். திரும்பும் வழியில் ஹாவர்த்தில் இறங்கினோம். பிராண்ட்டே சகோதரிகள் என்ற மூன்று எழுத்தாளப் பெண்கள் வாழ்ந்த ஊர். அவர்கள் வீடு 1928 முதல் மியூசியமாக இருக்கிறது. ஆனால் அங்கே போகும் தெரு கல் பாவிய செங்குத்தான ஏற்றம். தள்ளுவண்டியோடு பாதி தூரம் ஏறியதும் எனக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. திரும்பி வருவதற்குள் வண்டியின் விசில் கேட்டது.

"ஓடலாமா?" என்றார் மாப்பிள்ளை.

"எதுக்கு ஓடணும்? அடுத்ததுல போவோம்" என்றாள் மகள், சிரித்துக்கொண்டே. அந்தச் சிரிப்புக்கு எத்தனை டே ரோவர் வேண்டுமானாலும் வாங்கலாம்!

போக நினைக்கும் இளம் தாய்மார்களுக்குச் சில வார்த்தைகள். ஸ்டீம் காலா தேதிகளையும், டிக்கெட் வகைகளையும் முன்னதாகவே விசாரித்துப் பதிவு செய்துகொள்ளுங்கள். டைம்டேபிள் கையில் இருக்கட்டும். காலா நாளில் கூட்டம் அதிகம் என்பதால் காலை முதல் வண்டியே நல்லது. இன்ஜினை ஒட்டிய பெட்டியில் ஏறாமல் நடுப் பெட்டியில் ஏறினால் விசில் சத்தம் குழந்தைக்கு அவ்வளவாக உறைக்காது. ஜன்னலில் தலை நீட்ட வேண்டாம், கரித்தூள் கண்ணில் விழும். வெள்ளை உடுப்பு கூடவே கூடாது. தள்ளுவண்டி மடக்கக் கூடியதாக இருக்கட்டும். கம்பளிக் குல்லாயும் மாற்றுத் துணியும் இரண்டாக எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கைக்குழந்தையோடு போகிறவர்கள் நாள் முழுதும் செல்லும் டிக்கெட்டையே வாங்குங்கள். குழந்தையின் பசிக்கும் தூக்கத்துக்கும் தகுந்தபடி நாம் இறங்கி ஏறலாம்.

நான் ஊர் திரும்பிய பத்தாம் நாள் மகள் போன் செய்தாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு தனியாகவே கடைத்தெருவுக்குப் போய் வந்தாளாம்.

"அழுதானாடி?" என்று கேட்டேன்.

"அழுதாம்மா. அந்த பஸ்ஸை விட்டுட்டேன். அடுத்ததுல வந்தேன்" என்றாள்.