சிறைவாயிலைக் கடக்கும் நூல்கள்

இளங்கலை வரலாறு, மூன்றாமாண்டு

கப்பலோட்டிய தமிழர் வ.உ.சிதம்பரனார் சிறையில் செக்கிழுத்த வரலாற்றை நாம் பள்ளிப் பருவத்திலேயே படித்திருக்கிறோம். 1908 முதல் 1912 வரை நீண்ட அந்தச் சிறைவாசத்தின்போதுதான், ஜேம்ஸ் ஆலன் என்னும் ஆங்கில எழுத்தாளரின் நூலை அவர் ‘மனம்போல வாழ்வு’ என்று தமிழாக்கினார். மொழிபெயர்ப்பு வெளியே வரவேண்டுமானால் மூலநூல் முதலில் உள்ளே போயிருக்க வேண்டும் அல்லவா? யாரோ ஒருவர் அதைக் கொடுத்திருக்க வேண்டும். யாரோ ஓர் அதிகாரி புரட்டிப் பார்த்து, “போகட்டும்” என்றிருக்க வேண்டும். அந்த இருவரின் பெயரும் நமது பாடநூலில் இல்லை. ஆனால் சென்ற ஆண்டு முதல் என் எண்ணமெல்லாம் அவர்களைப் பற்றித்தான்.

காரணம், சென்ற ஆண்டு நமது நாட்டு நலப்பணித் திட்டத்தின் சார்பில் சிறை நூலகத்துக்குப் புத்தகம் திரட்டினோம். 2023 சனவரியில் சென்னைப் புத்தகக் காட்சியில் தமிழ்நாடு சிறைத்துறை ‘கூண்டுக்குள் வானம்’ என்ற பெயரில் அரங்கு அமைத்துக் கைதிகளுக்காக நூல்களைப் பெற்றது. அதைக் கேள்விப்பட்ட நம் பேராசிரியர், “நாமும் செய்தால் என்ன?” என்றார். மூன்று நாட்கள் வரலாற்றுத் துறைத் தாழ்வாரத்தில் மேசை போட்டு உட்கார்ந்தோம்.

வந்து குவிந்தவற்றை என்னென்பேன்! காலாவதியான போட்டித் தேர்வு வழிகாட்டிகள், கரையான் ருசி பார்த்த வார இதழ்கள், திருமணத்தில் பரிசாக வந்து பிரிக்கப்படாமலே கிடந்த நூல்கள். கடைசிப் பத்துப் பக்கங்கள் இல்லாத துப்பறியும் நாவல் ஒன்றும் வந்தது. வெளியே இருக்கும் நாம் இன்னொரு பிரதியைத் தேடிப் பிடித்து, கொலையாளி யார் என்று அறிந்துகொள்ளலாம். உள்ளே இருப்பவர் எங்கே போவார்? அதைத் தனியே எடுத்து வைத்தேன். வீட்டில் வேண்டாததையெல்லாம் கொடுத்துவிட்டுத் தருமம் செய்தோம் என்று மகிழ்வது எனக்கு உடன்பாடில்லை.

சிறையிலிருந்து வந்திருந்த அலுவலர் பொறுமையாக விதிகளைச் சொன்னார். கெட்டி அட்டை கூடாது. பைண்டு செய்த முதுகுப் பகுதியில் பிளேடையோ புகையிலையையோ மறைக்க இடமுண்டு. கம்பிப் பின் கூடாது. உள்ளே கடிதம், பணம், புகைப்படம் எதுவும் இருக்கலாகாது. முதல் பக்கத்தில் நாம் ஆசையாக எழுதி வைக்கும் பெயர், முகவரி, தொலைபேசி எண் அறவே கூடாது. கடைசி விதி கைதிகளைக் காப்பதற்கு அல்ல, உங்களைக் காப்பதற்கு என்றார். மாணவியர் சிலர் உடனே தம் புத்தகங்களைத் திரும்ப வாங்கிப் புரட்டியதைக் கண்டேன்.

இந்த அச்சங்களைப் பொய்யென்று தள்ளிவிட முடியாது. மேலைநாட்டுச் சிறைகளில் போதைப்பொருளில் தோய்த்த காகிதமே கடிதமாகவும் புத்தகமாகவும் உள்ளே போயிருக்கிறது. ஆனால் அச்சம் அளவு மீறினால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. இங்கிலாந்தில் 2013 நவம்பரில் வந்த விதி, வீட்டிலிருந்து கைதிகளுக்கு வரும் பொதிகளைப் பெரும்பாலும் தடுத்தது. புத்தகமும் அதில் அகப்பட்டுக்கொண்டது. எழுத்தாளர்கள் கொதித்தெழுந்தனர். 2014 டிசம்பரில் உயர்நீதிமன்றம் அத்தடை சட்டவிரோதம் என்றது. நம் நாட்டிலேயே, மும்பையை அடுத்த தலோஜா சிறையில், பத்திரிகையாளர் கௌதம் நவ்லகாவுக்குக் குடும்பத்தார் அனுப்பிய உட்ஹவுஸின் நகைச்சுவை நூலைப் பாதுகாப்புக்கு ஆபத்து என்று மறுத்தார்கள். 2022-இல் பம்பாய் உயர்நீதிமன்றமே அதைக் கேட்டு நகைப்புக்குரியது என்றது.

தென்னாப்பிரிக்காவின் ராபன் தீவுச் சிறையில் நடந்ததோ இன்னும் சுவையானது. டர்பன் நகரைச் சேர்ந்த சன்னி வெங்கடரத்னம் என்பவர் ஷேக்ஸ்பியரின் முழுத் தொகுதியை வைத்திருந்தார். அதைக் காவலர்களிடமிருந்து காக்க, வீட்டிலிருந்து வந்த தீபாவளி வாழ்த்து அட்டைகளின் தெய்வப் படங்களை மேலே ஒட்டி, தம் வேதநூல் என்று கூறிவிட்டார்! அந்நூல் கைமாறிச் சென்று, முப்பதுக்கும் மேற்பட்ட கைதிகள் தமக்குப் பிடித்த வரிகளின் அருகே கையெழுத்திட்டனர். மண்டேலா ‘ஜூலியஸ் சீசர்’ நாடகத்தின் ஓரிடத்தில் கையெழுத்திட்ட நாள் 1977 டிசம்பர் 16. நாம் கொடுக்கும் நூலில் எழுத்தே கூடாது; அந்த நூலுக்கோ எழுத்தால்தான் பெருமை.

2022-ஆம் ஆண்டுக் கணக்கின்படி நம் நாட்டுச் சிறைகளில் இருந்தோரில் நூற்றுக்கு எழுபத்தைந்து பேர் விசாரணைக் கைதிகள். குற்றம் செய்தார்களா இல்லையா என்பதே முடிவாகாதவர்கள். தண்டனைக் கைதிக்காவது தறியோ தச்சோ ஏதேனும் வேலை உண்டு. இவர்களுக்கு அடுத்த வாய்தா வரை காத்திருப்பதைத் தவிர வேறென்ன?

அப்படிக் காத்திருப்பவர்களில் ஒருவரின் தங்கை நம்மிடையே படிக்கிறாள் என்பது எனக்கு அந்த மூன்றாம் நாள்தான் தெரியும். மாலையில் கூட்டம் கலைந்த பின் புத்தம் புதிய சிறுகதைத் தொகுதி ஒன்றைக் கொண்டுவந்தாள். முதல் பக்கத்தில் “அண்ணனுக்கு” என்று தொடங்கி நான்கு வரிகள். நான் விதியைச் சொன்னேன். அவள் பதில் பேசவில்லை. பிளேடு வாங்கித் தானே அந்தத் தாளைப் பிசிறில்லாமல் அறுத்து, மடித்துச் சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டாள்.

“இது அண்ணன் இருக்கிற பிளாக்குக்குப் போகுமா சார்?” என்று அலுவலரைக் கேட்டாள்.

“நூலகத்துக்குப் போகும் அம்மா. யார் எடுப்பார் என்று சொல்ல முடியாது.”

சற்று நேரம் நின்றாள். பிறகு, “பரவாயில்லை சார். வர்ற வாரம் மனு பார்க்கப் போகும்போது புத்தகத்தோட பேரைச் சொல்லிடறேன். அண்ணன் தேடி எடுத்துக்கும்” என்றாள். அலுவலர் தம் பேரேட்டில் அந்த நூலை முதல் வரியாகப் பதிந்தார். அப்படிப் பதிய வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை.

அவர் விடைபெறும்போது உள்ளிருப்போர் கேட்கும் நூல்களின் பட்டியல் ஒன்றைத் தந்தார். அகராதி, தமிழில் சட்ட நூல்கள், பெரிய எழுத்தில் அச்சான கதைகள், எழுத்துக்கூட்டிப் படிப்போருக்கான அரிச்சுவடி ஆகியவை அதில் இருந்தன. இந்த ஆண்டும் தாழ்வாரத்தில் மேசை போடப் போகிறோம். ‘பொன்னியின் செல்வ’னின் ஐந்து பாகங்களில் அங்கே மூன்றாவது இல்லையாம், இரண்டாம் பாகம் முடித்தவர்கள் பல மாதங்களாகக் காத்திருக்கிறார்கள். மெல்லிய அட்டைப் பிரதி யார் வீட்டிலாவது இருந்தால் தந்து உதவுங்கள். அந்தப் பாகத்தின் தலைப்பு ‘கொலை வாள்’. வாயிற்காவலர் திடுக்கிடக் கூடாதே என்று அலுவலரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறோம்.