பில் யார் கையில்?

எங்கள் வீடுகளில் தங்கம்தான் இன்சூரன்ஸ். ஆஸ்பத்திரிச் செலவோ காலேஜ் ஃபீஸோ, இரண்டு வளையலைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு அடகுக் கடைக்குப் போனால் அன்றைக்கே பணம் வந்துவிடும். அந்தத் தங்கத்துக்கே இன்சூரன்ஸ் என்றால் பெரியவர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள்.

ஆனால் நிச்சயதார்த்த மோதிரத்தின் கதை வேறு. ஆரமும் ஒட்டியாணமும் கல்யாணம் காட்சிக்கு எட்டிப் பார்த்துவிட்டு லாக்கருக்குத் திரும்பிவிடும். இது மட்டும் நாள் முழுக்க விரலில் கிடந்து மாவு பிசைகிறது, பாத்திரம் தேய்க்கிறது, பஸ் கம்பியைப் பிடித்துத் தொங்குகிறது. வீட்டில் ஆபத்து அதிகமுள்ள நகை இந்த அரைச் சவரன்தான்.

அக்கா மகளின் நிச்சயத்துக்கு மாப்பிள்ளைக்கு மோதிரம் வாங்கியபோது, ஒரு வருட இன்சூரன்ஸ் இலவசம் என்று கடையில் ஒரு தாளைக் கொடுத்தார்கள். பில்லோடு மடித்துப் பைக்குள் போய்விடுகிற தாள். வேலையற்றுப்போய் நான் அதைப் படித்தேன். தீ உண்டு, கலவரம் உண்டு, பூட்டை உடைத்துத் திருடினால் உண்டு. காரணம் தெரியாமல் காணாமல் போனால் மட்டும் இல்லை. மோதிரம் வேறு எப்படித்தான் காணாமல் போகும்? சோப்பு நுரையில் வழுக்கும். கடலில் குளிக்கும்போது அலையோடு போகும். உடம்பு இளைத்துவிட்டால் எந்தத் தெருவில் விழுந்தது என்றே தெரியாது. வழக்கமாக நடப்பதை விட்டுவிட்டு, எப்போதாவது நடப்பதற்கெல்லாம் பணம் தரத் தயாராக இருக்கிறார்கள்.

காசு கட்டி எடுக்கும் பாலிசி இதைவிடத் தேவலை. வீட்டுக் காப்பீட்டில் நகைக்கென்று தனிப் பிரிவு எடுக்கலாம். விரலில் போட்டுக்கொண்டு வெளியே போன இடத்தில் தற்செயலாகத் தொலைந்தாலும் அடிபட்டாலும் பொதுவாக அதில் கேட்க முடியும். தேய்மானத்துக்குக் கிடையாது. எஃப்.ஐ.ஆர்., கண்டுபிடிக்க முடியவில்லை என்று போலீஸ் தரும் சான்று, மதிப்பீட்டாளரின் சீட்டு என்று அலைச்சலும் உண்டு. தொகையை வருஷா வருஷம் ஏற்றிப் போடாவிட்டால் அதுவும் பாதிப் பயன்தான். சவரன் 2020-இல் 40,000 ரூபாயைத் தாண்டியபோது வாயைப் பிளந்தோம். 2025 அக்டோபரில் 90,000-ஐத் தாண்டியது. பழைய மதிப்பிலேயே பாலிசி ஓடினால், குறைத்துக் காட்டியதாகச் சொல்லி அதே விகிதத்தில் தொகையையும் வெட்டிவிடலாம்.

எனக்குப் பாலிசியைவிட எங்கள் தெரு ஆசாரியிடம் நம்பிக்கை அதிகம். கல் மோதிரத்தைக் காதோரம் பிடித்து நகத்தால் சுண்டுவார். கல் ஆடினால் உள்ளே மெல்லிசாக ஒரு சத்தம் கேட்குமாம். எனக்குக் கேட்டதே இல்லை. கேட்டுவிட்டால், கல்லைப் பிடித்திருக்கும் கம்பிகளை அங்கேயே அழுத்திவிடுவார். மோதிரம் விரலில் சுற்றினால் அடியில் நூல் சுற்றிக்கொள்வது பாட்டி காலத்து ஏற்பாடு. மருமகளிடம் சொன்னேன். “ஃபோட்டோல அசிங்கமாத் தெரியும் மாமா” என்றுவிட்டாள்.

சரி, பாலிசியே எடுக்கலாம் என்று உட்கார்ந்தபோதுதான் சிக்கல். அவள் விரலில் இருப்பது மாப்பிள்ளை வீட்டார் போட்ட மோதிரம். பில் சம்பந்தி பெயரில், சம்பந்தி வீட்டு பீரோவில். 2023 ஏப்ரல் முதல் ஹால்மார்க் நகையில் கட்டாயமாகப் பொறித்துத் தரும் ஆறு இலக்க அடையாளக் குறியை லென்ஸ் வைத்துப் படித்துவிடலாம். ஆனால் அந்தக் குறி நகையைச் சொல்லுமே தவிர, காசு கொடுத்தவர் யார் என்று சொல்லாது. நிச்சயத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவில் மோதிரம் தொலைந்தால் நஷ்டம் யாருக்கு, கேட்க வேண்டியது யார்? கேள்வி சுலபம். பில்லைத் தாருங்கள் என்று சம்பந்தியிடம் போய் நிற்பதுதான் நடக்காத காரியம். எத்தனை ரூபாய்க்குப் போட்டார்கள் என்று விசாரிப்பதாக ஆகிவிடும். அக்கா என்னை வீட்டுக்குள் விடமாட்டாள்.

அதனால் வேறு வழி பார்த்தோம். மாப்பிள்ளை மோதிரத்தின் பில்லையும் அந்த இலவசத் தாளையும் நகல் எடுத்து, “உங்க பத்திரத்துக்கு இருக்கட்டும்” என்று பழத்தட்டோடு கொடுத்தனுப்பினோம். சம்பந்தியம்மா பழத்தட்டை வாங்கிக்கொண்டு முறுக்கு வைத்துத் திருப்பி அனுப்பினார். முறுக்குக்கு அடியிலும் தேடிப் பார்த்துவிட்டேன். பில் இன்னும் வரவில்லை.