வாளைக்கு வாங்கிய நரம்பு

அணைக்கரையில் மதகைத் தூக்கிவிட்டார்கள் என்று காதில் விழுந்துவிட்டால் பெரிய மாமாவுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. ஜூன் 12இல் மேட்டூரைத் திறந்தாலும் அந்தத் தண்ணீர் வயலுக்குத்தான் போகும். மேற்கே மழை கொட்டி, மேட்டூர் நிரம்பி, முக்கொம்பில் தாங்க முடியாமல் கொள்ளிடத்தில் திருப்பினால்தான் எங்கள் பக்கம் ஆறு நிறைந்து ஓடும். 1836இல் ஆர்தர் காட்டன் கட்டிய அணைக்கரைக் கீழணையின் மதகுகளில் செம்மண் கரைந்த தண்ணீர் விழுந்து நுரைக்கும். விழுகிற வேகத்தில் கிறங்கிப்போகிற சின்ன மீன்களைத் தின்பதற்காகக் கீழே மடுவில் வாளைகள் வந்து கூடும். அந்த வாளைகளுக்காக மாமா கும்பகோணத்துக்குத் தூண்டில் நரம்பு வாங்கக் கிளம்புவார். பள்ளிக்கூடம் இல்லாத நாளாக இருந்தால் நானும் பஸ் ஏறிவிடுவேன்.

கடைத்தெருவில் கயிறும் வலையும் விற்கிற கடை அது. வாசலில் நரம்புக் கண்டுகள் தோரணம் மாதிரி தொங்கும். பச்சை, நீலம், வெள்ளை என்று வெயில் பட்டு மின்னும். என் கை அதற்குத்தான் போகும். மாமா அதைத் தொடவே மாட்டார். "உள்ள இருக்குறத எடுங்கண்ணே" என்பார் கடைக்காரரிடம். வெயிலில் தொங்கிய நைலான் பார்வைக்குப் பளபளப்பாக இருந்தாலும் உள்ளுக்குள் இற்றுப்போயிருக்கும் என்பது அவர் ஆற்றில் கற்ற பாடம். வெயிலின் புற ஊதாக் கதிர்தான் அப்படி நைலானைத் தின்கிறது என்று நான் படித்துத் தெரிந்துகொண்டது வெகு காலம் கழித்து.

உள்ளிருந்து வந்த கண்டில் ஒரு பாகத்தை அவிழ்த்து மாமா உதட்டிடுக்கில் வைத்து மெதுவாக இழுப்பார். கண்ணுக்குத் தெரியாத கீறல் உதட்டுக்குத் தெரியும். "நீயும் வச்சுப் பாரு மாப்ள" என்று நீட்டுவார். மருந்து வாசனையும் வழவழப்புமாக அந்த நரம்பு உதட்டில் நழுவியது இன்னும் நினைவிருக்கிறது. பிறகு வெளிச்சத்தில் பிடித்து, பருமன் ஒரே சீராக இருக்கிறதா என்று பார்ப்பார். ஒரு இடம் தடித்து ஒரு இடம் மெலிந்திருந்தால் அந்தக் கண்டு திரும்ப அலமாரிக்குப் போய்விடும். கடைக்காரர் கோபித்துக்கொண்டதே இல்லை. வாளைக்கு நரம்பு வாங்குகிறவர்களின் கவலை அவருக்கும் தெரியும்.

நரம்பில் நாற்பது என்றால் 0.40 மில்லிமீட்டர், எழுபது என்றால் 0.70. கெண்டைக்கு நாற்பதே அதிகம். வாளைக்கு மாமா எழுபதுக்குக் கீழே இறங்க மாட்டார். பருமன் இரண்டு மடங்கானால் குறுக்குப் பரப்பு நாலு மடங்கு, பலமும் கிட்டத்தட்ட அப்படித்தான் கூடும். ஆனால் மாமா தடித்த நரம்பைத் தேடியது பலத்துக்காக மட்டும் இல்லை. எங்களிடம் சுற்றுகிற ராட்டையும் கிடையாது, வளைகிற கோலும் கிடையாது. ஒரு கட்டையில் நரம்பைச் சுற்றி வைத்துக்கொண்டு வெறுங்கையால்தான் இழுக்க வேண்டும். பெரிய மீன் ஓடும்போது மெல்லிய நரம்பு உள்ளங்கையைக் கத்திபோல அறுத்துவிடும். மீன் போனால் போகட்டும், கை போனால் நாற்று நடவுக்கு என்ன செய்வது?

தடித்த நரம்பு மீனின் கண்ணுக்குத் தெரிந்துவிடாதா என்று கேட்டேன். கோடையில் தெளிந்த தண்ணீரில் தெரியும். புதுத்தண்ணீரில் முழங்கை முக்கினால் விரல் தெரியாது. போதாததற்கு வாளை இரவில் இரை தேடுகிற மீன். கண்ணைவிட மீசையை நம்பித் திரியும். வாயோரத்தில் உள்ள அந்த நீண்ட இரண்டு மீசைகளுக்கு இரையாகக் கோத்த தவளை தட்டுப்பட்டால் போதும், நரம்பு எத்தனை தடிமன் என்று அது யோசிக்காது.

வீட்டுக்கு வந்ததும் நரம்பை வெந்நீரில் ஊறப்போடுவார். கண்டிலேயே கிடந்த தடித்த நைலான் அந்த வளைவை விடாது. அப்படியே வீசினால் சுருண்டு சுருண்டு சிக்கிக்கொள்ளும். ஊறியதைத் தெருவில் இரண்டு தென்னைகளுக்கு நடுவே இழுத்துக் கட்டி, இரவு முழுக்க விட்டுவைப்பார். தாத்தா திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். அவர் காலத்தில் நைலான் ஏது? சணப்பு நாரைத் தொடையில் உருட்டித் திரித்து, பனிச்சங்காய்ச் சாற்றில் ஊறவைத்துக் காயவைப்பார்களாம். அந்தத் துவர்ப்புச் சாறு ஏறினால் நார் தண்ணீரில் சீக்கிரம் அழுகாது. அமெரிக்காவில் டுபாண்ட் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் 1935இல் பிறந்த நைலான், கொள்ளிடக்கரைத் தொடைகளுக்கு அந்த வேலையை இல்லாமல் செய்துவிட்டது. தாத்தாவுக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. "இது இழுத்தா நீளுது, அது நீளாதுடா" என்பார். அந்த நீட்சிதான் வாளை திடீரென்று வெட்டி இழுக்கும்போது அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிறது.

மறுநாள் சோதனை. பித்தளைக் குடத்தில் தண்ணீர் நிரப்பி, நரம்பின் ஒரு முனையைக் குடத்தின் கழுத்தில் கட்டி, மறுமுனையை வேப்பங்கிளையில் போட்டுத் தூக்குவார். முதலில் நரம்பின் நடுவில் வேண்டுமென்றே ஒரு சாதா முடிச்சு போட்டுவிட்டு, குடத்தைக் கொஞ்சம் உயர்த்தி வெடுக்கென்று விடுவார். பட்டென்ற சத்தத்தோடு நரம்பு அந்த முடிச்சிலேயே அறுந்து, தண்ணீர் வாசலெல்லாம் ஓடும். அத்தை உள்ளேயிருந்து திட்டுவாள்.

"பாத்தியா? நல்ல நரம்பு நடுவுல அறுந்துபோகாது மாப்ள. முடிச்சுலதான் அறுந்துபோகும்."

தூண்டில் முள்ளுக்கு அவர் போடுகிற முடிச்சு வேறு. முள்ளின் கண்ணில் நரம்பைக் கோத்து, அதே நரம்பின் மேல் ஐந்தாறு சுற்று சுற்றி, முனையைக் கண்ணுக்குப் பக்கத்தில் உள்ள வளையத்தில் நுழைத்து, எச்சில் தடவி மெதுவாக இறுக்குவார். எச்சில் இல்லாமல் சரக்கென்று இழுத்தால் உராய்வில் சூடேறி நைலான் அந்த இடத்திலேயே நொந்துபோகும். நான் இன்றும் யாராவது காய்ந்த முடிச்சை இறுக்குவதைப் பார்த்தால் சும்மா இருக்க முடியாமல் சொல்லிவிடுகிறேன்.

வாளைக்கு என்றால் அந்த முடிச்சு முள்ளில் வராது. முள்ளுக்கு மேலே ஒரு முழம் கம்பிதான், அதன் மேல்முனை வளையத்தில்தான் நரம்பு முடிச்சு. சைக்கிள் கடையில் பழைய பிரேக் ஒயரை வாங்கிப் பிரித்து, இரண்டு மூன்று இழைகளைச் சேர்த்து முறுக்கியது. வாளையின் வாய் கண்ணையும் தாண்டிப் பிளக்கும். உள்ளே பொடிப்பொடியான பற்கள் அரம்போல வரிசை வரிசையாக இருக்கும். அது ஒரே கடியில் அறுப்பதில்லை. தலையை ஆட்டி ஆட்டித் தேய்த்தே எந்த நைலானையும் தின்றுவிடும்.

ஆடி மாதம் ஒரு இரவு, அரிக்கேன் விளக்கோடு மடுவுக்குக் கீழே மணலில் உட்கார்ந்திருந்தோம். மதகுச் சுவர் மேலே நின்று போடுகிறவர்கள் நிறையப் பேர். மாமா அங்கே நிற்க மாட்டார். தண்ணீருக்குள் மீனுக்குக் கனமே கிடையாது, நரம்பு தாங்குவது அதன் இழுப்பை மட்டும்தான். சுவருக்கு மேலே தூக்கும்போது முழு எடையும் ஒரே முடிச்சில் வந்து தொங்கும், பல வாளைகள் அறுத்துக்கொண்டு போனது அந்த உயரத்தில்தான் என்பார். கையில் ஈரத் துண்டைச் சுற்றியிருந்தார். கட்டை திடீரென்று மணலில் உருண்டது. மாமா எழுந்தார், ஆனால் இழுக்கவில்லை, ஓட விட்டார். துண்டுக்குள் நரம்பு சீறிக்கொண்டு போனது. நின்றதும் இரண்டு பாகம் வாங்கினார், மறுபடி விட்டார். "அவசரப்படாத, அவசரப்படாத" என்று அவர் சொன்னது எனக்கா, மீனுக்கா, தெரியவில்லை. கடைசியில் கரையோடு பின்னாலேயே நடந்து, மணல் சரிவில் அதை வழுக்கிக் கொண்டுவந்தார். செதில் இல்லாத வெள்ளி உடம்பு விளக்கில் மின்னியது. காலையில் மளிகைக் கடைத் தராசில் 12 கிலோ நின்றது. அத்தை மாங்காய் போட்டுக் குழம்பு வைத்தாள். நாலு வீட்டுக்குப் போனது.

இப்போது உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வாளையை அழியும் நிலைக்கு ஆளாகக்கூடிய மீன்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. அந்த மடுவில் அவை கூடிப் புரண்டதைப் பார்த்த எனக்கு அது நெஞ்சில் தைக்கிறது.

அன்று மீனை இறக்கி வைத்ததும் மாமா முதலில் செய்தது நரம்பின் அடிப்பக்கத்தை உதட்டில் வைத்துப் பார்த்ததுதான். கல்லில் உரசிச் சொரசொரத்திருந்த இரண்டு முழத்தை வெட்டினார். வெட்டியதை ஆற்றில் எறியவில்லை. கொக்கின் காலில் சுற்றிக்கொண்டால் அது மக்காது, அவிழாது என்று மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கம்பியை மாற்றி, எச்சில் தொட்டுப் புது முடிச்சு போட்டு, இன்னொரு தவளையைக் கோத்தார். விடிய இன்னும் நேரமிருந்தது.