நாற்காலிக்கு ஒரு கணக்கு

அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் இருபது ஆண்டுகளுக்கு மேல் நூலகராக இருந்தேன். அதில் ஒரு நவம்பர் மாதம் மட்டும் இன்றும் மனதை உறுத்துகிறது.

செமஸ்டர் தேர்வுக்கு முந்தைய ஸ்டடி லீவ். முதல் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவே படி திரும்புகிற இடத்தில் ஒரு மாணவி உட்கார்ந்திருந்தாள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தாள். ஏறி இறங்குகிறவர்களுக்கு இடைஞ்சல் வராதபடி காலை மடக்கி, மடியில் ஃபைலை வைத்து எழுதிக்கொண்டிருந்தாள். சன்னல் கம்பியின் நிழல் தாளில் விழ, நிழல் நகர நகர அவளும் தாளை நகர்த்திக்கொண்டிருந்தாள்.

"இங்கே உட்காரக் கூடாதும்மா. ரீடிங் ஹாலுக்குப் போ."

"ரெண்டு மாடியும் பார்த்துட்டேன் சார், இடமே இல்ல. மூணாவதுல உள்ள போகக் கூடாதுன்னு போட்டிருக்கு."

"காலையிலயே வந்திருக்கணும்."

"எங்க ஊர் பஸ்ஸே பத்து மணிக்குத்தான் சார் இங்க வரும்."

நான் பதில் சொல்லவில்லை. படியில் உட்காரக் கூடாது என்பது விதி. சொல்லிவிட்டேன், என் வேலை முடிந்தது என்று நின்றேன். அவள் ஃபைலையும் டிபன் பாக்ஸையும் பையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனாள். பெயர் கேட்கவில்லை. எந்தத் துறை என்றும் கேட்கவில்லை. பிறகு அவளை நான் நூலகத்தில் பார்க்கவே இல்லை.

அன்று மதியம் ஒரு பழைய இதழ்த் தொகுப்பைத் தேடி மேலே போனேன். இரண்டாம் மாடி ரீடிங் ஹாலைக் கடக்கும்போது கால் நின்றுவிட்டது. ஹால் நிறைந்திருந்தது, பைகளால். மேஜைக்கு ஆறு நாற்காலி. ஒரு மேஜையில் இரண்டு பேரும் நான்கு பைகளும். அடுத்ததில் ஒரு பையன், அவனைச் சுற்றி மூன்று பை, ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு கால்குலேட்டர். ஓடி வருகிற பஸ்ஸின் சன்னல் வழியே துண்டு போட்டு இடம் பிடிக்கிற ஊர் நம்முடையது. அதே பழக்கம் இங்கேயும் வந்துவிட்டிருந்தது. கேன்டீனுக்குப் போனவர்கள், இன்னும் வீட்டை விட்டே கிளம்பாத சிநேகிதனுக்காக இடம் போட்டவர்கள். நின்று எண்ணினேன். நாற்காலி 144. உட்கார்ந்திருந்தவர்கள் 83 பேர்.

மூன்றாம் மாடியில் அதைவிடப் பெரிய தண்டனை காத்திருந்தது. பைண்டு செய்த இதழ்கள் இருக்கும் அறையில் நீளமான நான்கு மேஜைகள். விளக்கு போடவில்லை, ஓர் ஆளும் இல்லை. கதவில் 'மாணவர்களுக்கு அனுமதி இல்லை' என்ற பலகை. அதை மாட்டியவன் நான்தான். யாரோ பிளேடால் பக்கங்களைக் கிழித்துக்கொண்டு போன ஒரு வருஷம், கோபத்தில் எழுதி மாட்டியது. அந்த இதழ்களைப் பிறகு பூட்டு போட்ட அலமாரிக்கு மாற்றிவிட்டோம். பலகையைக் கழற்ற மறந்துபோனேன். காலையில் அந்தப் பெண் சொன்னது இந்தப் பலகையைத்தான். அவள் சொன்னபோது என் காதில் விழுந்தது, மனதில் விழவில்லை.

நூலகவியலுக்கு ரங்கநாதன் வகுத்த ஐந்து விதிகளை மனப்பாடம் செய்து பரீட்சை எழுதி இந்த வேலைக்கு வந்தவன் நான். கணித ஆசிரியராக இருந்து 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர் அவர். 1931-ல் அந்த விதிகள் நூலாக வந்தன. நான்காவது விதி, வாசகருடைய நேரம் வீணாகாமல் பார்ப்பது பற்றியது. அதைப் புத்தகத்தோடு மட்டுமே சேர்த்துப் படித்திருந்தேன். ஒரு புத்தகத்தின் பெயரைச் சொன்னால் எந்த வரிசை, எந்தத் தட்டு என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்வேன். எந்த மாடியில் எத்தனை நாற்காலி காலி என்று யாராவது கேட்டிருந்தால் விழித்திருப்பேன். ஸ்டடி லீவில் வருகிற பிள்ளைக்குப் பெரும்பாலும் என் புத்தகம் தேவைப்படுவதில்லை. நோட்ஸ் அவள் பையிலேயே இருக்கிறது. ஒரு மேஜை, தலைக்கு மேல் ஒரு ஃபேன், சத்தமில்லாத நான்கு மணி நேரம், இவ்வளவுதான் வேண்டும். ஒற்றை அறை வீட்டில், டி.வி.க்கும் அடுப்புக்கும் நடுவே அது கிடைக்காது. சென்னை கோட்டூர்புரத்தில் 2010-ல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தில், சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிப்பதற்கென்றே தனிப் பகுதி வைத்தார்கள். அங்கே குனிந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைப் பார்த்தால் அந்தத் தேவை எவ்வளவு பெரிது என்று புரியும்.

மறுநாள் பலகையைக் கழற்றினேன். வாசலில் பை வைக்கும் கவுன்டர் பக்கத்தில் ஒரு கரும்பலகை வைத்தோம். அட்டெண்டர் அரை மணிக்கு ஒரு தடவை மாடி மாடியாகப் போய் எண்ணி வருவார். முதல் மாடி 9, இரண்டாம் மாடி 40, மூன்றாம் மாடி 22 என்று சாக்பீஸால் எழுதுவோம். பெரிய காரியம் செய்துவிட்டதாக நினைத்தேன். முதல் வாரமே பிள்ளைகள் திரும்பி வந்து நின்றார்கள். "நாப்பது காலின்னு போட்டிருக்கீங்க சார், போய்ப் பார்த்தா எல்லாத்துலயும் பை இருக்கு." ஆளை எண்ணி, மீதியைக் காலி என்று எழுதியது எங்கள் தப்பு. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றில் மாணவர்களின் செல்போன் சிக்னலை வைத்து எந்தத் தளத்தில் எவ்வளவு கூட்டம் என்று திரையிலேயே காட்டுகிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பைக்கு சிக்னல் கிடையாது. அந்தத் திரையும் எங்கள் கரும்பலகை மாதிரிதான் ஏமாறும்.

ஆகவே சீட்டு முறை கொண்டுவந்தோம். ஆளில்லாத பையின் மேல் நேரம் எழுதிய சீட்டு வைப்போம். அரை மணி கழித்தும் ஆள் வராவிட்டால் பை கவுன்டருக்கு வந்துவிடும். மூன்றாம் நாளே ஒரு மாணவன் சண்டைக்கு வந்தான். "அதுல என் ஹால் டிக்கெட் இருக்கு சார், தொலைஞ்சா யார் பொறுப்பு?" நியாயமான கேள்வி. அதிலிருந்து அட்டெண்டரோடு ஒரு மாணவரும் கூடப் போவது, எடுக்கிற பையை நோட்டில் குறித்துக் கையெழுத்து போடுவது, சாப்பாட்டு நேரத்தில் மட்டும் ஒரு மணி நேரம் தருவது என்று மாற்றினோம். இரண்டு மாதத்தில் சீட்டுக்கே வேலை குறைந்துபோனது. கரும்பலகையைப் பார்த்துவிட்டு நேராக மூன்றாம் மாடிக்கு ஏறுகிற பிள்ளைகளைக் கவுன்டரிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

அடுத்த ஏப்ரலில் இன்னொன்றும் செய்தோம். முதல் மாடியில் இரண்டு மேஜைகளைப் பத்தரை மணி வரை யாருக்கும் கொடுக்கவில்லை. வெளியூர் பஸ்ஸில் வருகிறவர்களுக்கு அவை. டவுன் பிள்ளைகள் சிலர், எட்டு மணிக்கே வந்து காத்திருக்கிறோமே, இது பாரபட்சம் இல்லையா என்று கேட்டார்கள். பாரபட்சம்தான் என்று ஒத்துக்கொண்டேன். அந்த மேஜைகளை மாற்றவில்லை. தினமும் பத்து மணி பஸ் வந்து சேருகிற நேரத்துக்கு வாசலைப் பார்ப்பேன். அந்தப் பெண் வரவில்லை. படிப்பை முடித்தாளா, வேறு எங்காவது இடம் தேடிக்கொண்டாளா, இன்றுவரை தெரியாது.

இன்று கல்லூரி நூலகங்களில் வேலை பார்க்கிற தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். இந்த ஸ்டடி லீவில் ஒரு நாள், காலை பதினொரு மணிக்கு, ஒரு தாளை எடுத்துக்கொண்டு எல்லா மாடிக்கும் போங்கள். நாற்காலி எத்தனை, ஆள் எத்தனை, பை எத்தனை என்று எழுதுங்கள். மூடிக் கிடக்கிற கதவுகளையும், அவற்றில் தொங்குகிற பழைய பலகைகளையும் சேர்த்து எழுதுங்கள். மாணவர்களே, சாப்பிடப் போகும்போது பையை எடுத்துக்கொண்டு போங்கள். படிக்கட்டில் ஒரு பிள்ளை உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தால், எழுந்திரு என்று சொல்வதற்கு முன், இடம் எங்கே இருக்கிறது என்று சொல்லுங்கள்.